அழிந்தது ஒன்றுதான்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.04.

எடைமேடை வாயடைத்துப்போனது.

திருவொற்றியூர் விம்கோ நகரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிறது வடமுனைச் சரக்குப்பெட்டக நிலையம். கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர்கள் உரியவர் கைக்குப் போகும்வரை அங்கே காத்திருக்கும். உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை, ஒவ்வொரு பெட்டியும் எடைமேடையில் ஏறியே தீர வேண்டும். அன்று ஏறிய லாரிக்கு மேடை எடை சொல்லவில்லை. எண் வரவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பட்டை நின்றது. லாரிக்காரர் ஆரன் அடித்தார். பின்னால் நின்ற ஏழு லாரிகளும் சேர்ந்துகொண்டன.

மாடியில் இருந்த கணினி அறையில் சங்கமித்ரா சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடினாள்.

நிலையத்தின் எடைகளும், எடை போடும்போது தானாக எடுக்கப்படும் படங்களும், கிளவுடில் வாடகைக்குப் பிடித்த ஒரு டிஸ்க்கில் இருந்தன. 4471 என்று முடியும் அதன் எண் அவளுக்கு மனப்பாடம். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, அந்த ஒரு டிஸ்க்கின் நிலையை மட்டும் கேட்டாள். பதில் ஒற்றை வரியில் வந்தது. அப்படி ஒரு டிஸ்க் இல்லை.

கட்டளைகளைக் கோத்து அவள் எழுதிய ஸ்கிரிப்ட்டின் குறிப்பேட்டைத் திறந்தாள். நாளும் ஒரு மணிக்குத் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் அது.

1.00.07. கழற்றப்பட்டது: 4471.
1.00.19. அழிக்கப்பட்டது: 4471.
மொத்தம் அழிந்தவை: ஒன்று.
செய்தவர்: சங்கமித்ரா.

தன் பெயரைத் தானே எழுத்துக் கூட்டிப் படிப்பவளைப் போல மூன்று முறை படித்தாள்.

அந்த ஸ்கிரிப்ட்டின் வேலை மிக எளியது. காலை ஒன்பது மணிக்குப் பிரதான டிஸ்க்கை நகல் எடுத்து, பெட்டிகளை எண்ணிக் கணக்கெடுக்கும் டேலி கிளார்க்குகள் புதிய கையடக்கக் கருவியில் பழகுவதற்காகப் பயிற்சி சர்வரில் மாட்டுவார்கள். ஒரு மணிக்கு அந்த நகலைக் கழற்றி அழிக்க வேண்டும். எட்டு மாதங்களாக ஸ்கிரிப்ட் நகலைத்தான் அழித்தது. இன்று மூலத்தை அழித்துவிட்டது.

"இன்னா சங்கா, மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது?"

கணினிப் பிரிவின் தலைவரான வல்லரசு கையில் தேநீர்க் குவளையோடு உள்ளே வந்தார். அவள் திரையைக் காட்டினாள். அவர் குனிந்து படித்தார், நெடுநேரம் படித்தார்.

"நா ஒண்ணுமே தொடல அண்ணே. காலைலருந்து அத தொறக்கவேயில்ல."

"தொடாம எப்டிம்மா? உன் பேர்தான கீது." குரல் கனிவாகவே இருந்தது. "பயப்படாத, நா கீறேன். ஆனா சாட்சி கலையக் கூடாது. உன் லாகின மூடி வெக்கிறேன். தப்பா நெனச்சிக்காத."

1.15க்கு அவள் திரை இருண்டது.

பிற்பகல் 1.25.

மேலாளர் இசக்கிப்பாண்டியின் அறையில் பதினொரு பேர் நின்றார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அதுவும் நாற்காலியின் விளிம்பில்.

அவருடைய பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. போன திங்கட்கிழமை இந்த நிலையத்திலிருந்து சீல் உடையாமல் வெளியேறிய ஒரு பெட்டியை, ஒரகடத்துத் தொழிற்சாலையில் திறந்து பார்த்தபோது செம்புக் கம்பிச் சுருள்களில் நாலரை டன் குறைந்திருந்தது. கப்பலில் குறைந்ததா, யார்டில் குறைந்ததா, சாலையில் குறைந்ததா? உள்ளே வந்த எடையையும் வெளியே போன எடையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதற்காகவே சுங்கத்துறையார் இன்று நான்கு மணிக்கு வருவதாக இருந்தார்கள்.

"நகலாவது இருக்கா?" என்றார் இசக்கிப்பாண்டி.

"நகல் தெனிக்கும் ஒரு மணிக்கு அழிஞ்சிரும் சார்," என்றார் வல்லரசு. "அதுவும் போச்சு, மூலமும் போச்சு. ரெண்டும் காலி."

இசக்கிப்பாண்டி, வியாசர்பாடியிலிருந்து வேலைக்கு வரும் சங்கமித்ராவை நோக்கித் திரும்பினார். "வியாசர்பாடி, புளியந்தோப்புன்னு கண்ட எடத்துலருந்து ஆளெடுக்காதீய, செம்பு திருடுதவனும் அங்கனதான் இருப்பான், ஒத்தாசைக்கு நிக்கவனும் அங்கனதான் இருப்பான்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டியளா?"

ஒருவருடைய குற்றத்தை அவர் குடியிருக்கும் தெருவில் தேடுவது விசாரணை அன்று, வெறும் சோம்பேறித்தனம். கேட்டுக்கொண்டு நின்ற பத்துப் பேருக்கும் அது தெரியும். தெரிந்தும் தரையைப் பார்த்தார்கள்.

எழுத்தர் ஏற்கெனவே புகாரைத் தட்டச்சுச் செய்து கொண்டிருந்தார். குற்றம் சாட்டப்படுபவர் என்ற சொல்லுக்கு எதிரே சங்கமித்ராவின் பெயர், அவள் தந்தை பெயர், அவள் வீட்டு எண். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்துவிட்டால் இன்று மாலை காவல் நிலையம். எழும்பூர் நீதிமன்றம். அதன்பிறகு எந்த நிறுவனம் அவளைக் கணினியருகே விடும்?

அதைவிடக் கொடிய அச்சம் ஒன்று உள்ளே இருந்தது. ஒருவேளை உண்மையிலேயே நான்தான் தவறு செய்துவிட்டேனோ?

பிற்பகல் 2.05.

செம்புப் புகாரை விசாரித்துவந்த காவல் ஆய்வாளர் செல்லக்கனி மேலாளரின் அறைக்கு வந்து சேர்ந்தார். தூத்துக்குடிக்காரர், ஐம்பதை நெருங்கியவர், சிறிய குறிப்புப் புத்தகமும் பென்சிலும் வைத்திருந்தார். வல்லரசு அச்சிட்டு நீட்டிய தாளை வாங்கினார்.

"என்னது இது?"

"கிளவுட் லாக் மேடம். இன்னிக்கு யார் எத அழிச்சாங்கன்றது."

"ஒத்த வரிதான் இருக்கு."

"அழிச்ச வரிய மட்டும் பிரிச்சி எடுத்தேன். முழுசா எடுத்தா ஆயிரக்கணக்குல வரும். உங்களுக்குப் பேஜாரு."

செல்லக்கனி தாளை மடித்து வைத்துக்கொண்டார். சங்கமித்ராவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பேரு?"

"சங்கமித்ரா."

"கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதும்மா. எண்ணத் தெரியும். எண்ணிக் காட்டுற மாதிரி சொல்லு. எந்த டிஸ்க்க அழிக்கணும்னு உன் ஸ்கிரிப்ட்டுக்கு யாரு சொல்லுதா?"

"கிளவுட் கட்டளைய ஓட்டினா ஒரு பட்டியல் வரும் மேடம். அதுல நகலோட வரிய மட்டும் புடிக்கும். அந்த வரில நாலாவது வார்த்தை எதுவோ, அத எடுக்கும். எடுத்தத கழட்டிட்டு அழிக்கும்."

"நாலாவது என்ன?"

"டிஸ்க் எண். மொதல்ல பேரு, ரெண்டாவது ஊரு, மூணாவது அது மாட்டியிருக்கிற சர்வர், நாலாவது டிஸ்க் எண்."

"அஞ்சாவது?"

"எந்த டிஸ்க்லருந்து நகல் எடுத்தோமோ, அந்த மூலத்தோட எண். ஆறாவது, நிலை."

பென்சில் ஆறையும் எழுதிக்கொண்டது.

"வார்த்தைய எண்ணித்தான் எடுக்கணுமா? பேரைச் சொல்லிக் கேட்டா அது தராதா?"

சங்கமித்ரா தயங்கினாள். "தரும் மேடம். 'டிஸ்க் எண்'ன்ற தலைப்பச் சொல்லிக் கேட்டா அத மட்டும் தர வசதி அந்தக் கட்டளைலயே கீது. எழுதும்போது எனக்கு அது தெரில. போன மாசம் மாத்தறேன்னு கேட்டேன்."

"மாத்தலையா?"

"நான்தான் வேணான்னேன்," என்று வல்லரசு குறுக்கிட்டார். "நல்லா ஓடிக்கினு இருக்கிறத எதுக்கு நோண்டணும்?"

செல்லக்கனி அவரைப் பார்க்காமலே மேலாளரிடம் திரும்பினார். "அந்தப் பெட்டிக்குக் காகிதத்துல எடைச்சீட்டு ஒண்ணும் இல்லையா?"

இசக்கிப்பாண்டி ஒரு தாளைத் தேடி எடுத்தார். "இருக்கு மேடம். உள்ள வந்தப்ப இருபத்தாறாயிரத்து நானூத்தி எண்பது கிலோ. போனப்பவும் அதேதான். ஆனா வெளிய போனப்ப உள்ள சீட்டு மேடையில அடிச்சதில்ல. அன்னைக்குப் பிரின்டர் மக்கர் பண்ணுச்சுன்னு ஆபீஸ்ல டைப் பண்ணது. சுங்கத்துல இத ஏத்துக்கிட மாட்டாக. டிஸ்க்குல இருக்கதுதான் அத்தாட்சி. அதுல ஏறின எடைய எவனாலயும் திருத்த முடியாது."

"திருத்த முடியாது. அழிக்கலாம்," என்றார் செல்லக்கனி. "இங்க உக்காந்தா மூச்சு முட்டுது. யார்டைக் காட்டு, வா தாயி."

பிற்பகல் 2.25.

வெயில் பெட்டிகளின் தகரத்தில் பட்டு முகத்தில் அறைந்தது. சங்கமித்ரா ஆய்வாளருக்கு இரண்டடி பின்னால் நடந்தாள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் செய்தி யார்டு முழுவதும் பரவிவிட்டது.

மூன்றாம் வரிசையில் டேலி கிளார்க் பொன்னுரங்கம், தரையில் வெள்ளையடித்த கட்டங்களை ஒட்டி நடந்தபடி உரக்க எண்ணிக் கொண்டிருந்தார். கையில் புதிய கருவி.

"ஏழு. எட்டு. ஒம்போது காலி. பத்து. பதினொண்ணு காலி. பன்னெண்டு."

செல்லக்கனி நின்றுவிட்டார். "ஐயா, பெட்டியில்லாத கட்டத்தையும் ஏன் எண்ணுதீங்க?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்ட!" பொன்னுரங்கம் சிரித்தார். "காலின்னு சொல்லாம தாண்டிக்கினேன்னு வெய்யி, அதுக்கப்பால கீற பெட்டியெல்லாம் ஒரு நெம்பரு முன்னால வந்துரும். பத்தாம் நெம்பரத் தூக்குன்னா கிரேன்காரன் வேற எவன் பெட்டியையோ தூக்கினு பூடுவான். அப்பால என் டவுசரு கிழிஞ்சிரும். காலி எடமும் எடந்தான்."

"கருவி நல்லா வேலை செய்யுதா?"

"அத்த ஏன் கேக்கற. தெனிக்கும் ஒரு மணிக்கு மேல செத்துப்பூடும்; மறுநாள் காலைலதான் உசுரு வரும். இன்னிக்கு ஒண்ணாவறதுக்கு ஏழெட்டு நிமிசம் முன்னாடியே பூட்ச்சு. சரி, சோறு துன்னலாம்னு போனேன். துன்னுட்டு வந்து பாத்தா ஜம்முனு ஓடுது. இதோ பாரு, பெட்டியெல்லாம் தெரீது."

திரையில் காலையில் எடை போட்ட பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. சங்கமித்ராவும் அதைப் பார்த்தாள். ஆனால் அவள் கண்ணுக்குள் நின்றது தட்டச்சுத் தாளிலிருந்த தன் தந்தையின் பெயர். அது மற்ற எதையும் உள்ளே விடவில்லை.

பொன்னுரங்கம் அவள் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "யம்மா, நீ அழிச்சேன்னு சொல்றானுங்க. நா நம்பல. நீ சிலேட்டக்கூட ரெண்டு வாட்டி கேட்டுட்டுத்தான் அழிப்ப."

அவளுக்கு அழுகை வந்தது. செல்லக்கனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிற்பகல் 2.50.

அவர்கள் திரும்பியபோது கணினி அறையில், இசக்கிப்பாண்டியும் உடனிருக்க, வல்லரசு அவளுடைய திரையை உயிர்ப்பித்து வைத்திருந்தார்.

"மேடம், ஒரு ஐடியா. சங்காவோட லாகின தொறந்து வுட்டேன். அந்த ஸ்கிரிப்ட்ட உங்க கண்ணு முன்னாடி இன்னொரு வாட்டி ஓட்டட்டும். எப்டி தப்பு பண்ணிச்சுன்னு நீங்களே பாத்துக்கலாம். அவளுக்கும் நல்லது, வேணும்னு பண்ணல, தெரியாமப் பண்ணதுன்னு ஆயிடும்."

"அழிக்க இனிமே என்ன இருக்கு?" என்றார் இசக்கிப்பாண்டி.

"அதான் சார். ஒண்ணும் இல்ல. அதனால பயமும் இல்ல."

சங்கமித்ராவுக்கு அது கரை ஏறும் வழியாகத் தோன்றியது. தெரியாமல் செய்தது. அந்த ஒரு சொல் போதும், சிறை இல்லை. அவள் உட்கார்ந்தாள். கட்டளையைத் தட்டினாள். இரண்டு முறை பிழையாயிற்று. மூன்றாவது முறை சரியாக அமைந்தது. சுண்டுவிரல் என்டர் பொத்தானுக்கு மேலே நின்றது.

"அழுத்து சங்கா," என்றார் வல்லரசு. "சீக்கிரம். நாலு மணிக்கு ஆள் வந்துருவாங்க."

விரல் இறங்கியது.

"கையை எடு!"

செல்லக்கனியின் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கியது. அறை முழுவதும் திடுக்கிட்டது.

"அந்த நாற்காலியை விட்டு எந்திரிம்மா. யாரும் ஒரு பொத்தானையும் தொடக் கூடாது." ஆய்வாளர் பென்சிலால் வல்லரசைச் சுட்டினார். "குறிப்பா நீரு."

பிற்பகல் 3.02.

செல்லக்கனி சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் ஆறு சொற்களை வரிசையாக எழுதினார். பெயர், ஊர், சர்வர், டிஸ்க் எண், மூல எண், நிலை.

"சங்கமித்ரா, நாலாவத எண்ணு."

"பேரு, ஊரு, சர்வர், டிஸ்க் எண்."

ஆய்வாளர் 'சர்வர்' என்ற சொல்லைத் துணியால் அழித்தார். அங்கே வெறும் வெள்ளை இடம் இருந்தது. "இந்த நகல் எந்தச் சர்வர்லயும் மாட்டாம சும்மா கெடக்குன்னு வச்சுக்கோ. உன் ஸ்கிரிப்ட் எப்படி எண்ணும்?"

"பேரு, ஊரு..." அவள் வெள்ளை இடத்தைப் பார்த்தாள். அதற்கடுத்த சொல்லைப் பார்த்தாள். "டிஸ்க் எண்... மூல எண்." மறுபடியும் எண்ணினாள். "நாலாவது, மூலத்தோட எண் மேடம். 4471."

"உன் ஸ்கிரிப்ட்டுக்குக் காலின்னு சொல்லத் தெரியாது. பொன்னுரங்கம் ஐயாவுக்குத் தெரியும். அது வெறும் வார்த்தைய எண்ணுது. அவரு எடத்த எண்ணுதாரு. எட்டு மாசமா நகல் எப்பவும் மாட்டியே இருந்ததால பழுது வெளிய தெரியல. இன்னைக்கு ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால எவரோ நகலைக் கழட்டிட்டாக. கழட்டினது மட்டுந்தான். அழிக்கிற வேலைய உன் ஸ்கிரிப்ட் உன் பேர்ல செஞ்சு முடிச்சிட்டு."

"யாருன்னு எப்டித் தெரியும்?" என்றார் இசக்கிப்பாண்டி.

"எல்லாத்தையும் பாக்குற முதலாளி லாகின் உங்ககிட்ட இருக்குல்லா? அதுல இன்னைக்கு உள்ள லாக் முழுசையும் எடுங்க. பிரிச்சி எடுத்தது வேண்டாம். கழட்டினது, மாட்டினது, தும்மினது எல்லாம் வேணும்."

இசக்கிப்பாண்டியின் கை மெதுவாகத்தான் தட்டியது. நாற்பது பக்கம் ஓடியது. செல்லக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துக்கொண்டே வந்தார். இரண்டு இடங்களில் விரல் நின்றது.

"பன்னெண்டு அம்பத்திரண்டு. நகல் கழற்றப்பட்டது. செய்தவர் வல்லரசு. ஒண்ணு பத்தொம்பது. நகல் மாட்டப்பட்டது. செய்தவர் வல்லரசு."

வல்லரசு சிரிக்க முயன்றார். "மேடம், பயிற்சி சர்வர் ஸ்லோவா இருந்திச்சு. கழட்டி மாட்னேன். தெனிக்கும் பத்து வாட்டி கழட்டுவேன், மாட்டுவேன். அது என் வேலை. அதுல இன்னா தப்பு?"

"கழட்டினது தப்பில்ல, மாட்டினதும் தப்பில்ல." செல்லக்கனி கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு பத்தொம்பதுக்கு எத மாட்டினீரு? ஒரு மணிக்கு அழிஞ்சுபோனதா சொல்லப்பட்ட நகலையா?"

வல்லரசு அந்த வரியை எட்டிப் பார்த்தார்.

"ஸ்கிரிப்ட் சொன்னது, மொத்தம் அழிந்தவை ஒன்று. அதத்தான் இங்க உள்ள எல்லாரும் படிச்சீக, ஒருத்தரும் எண்ணல. அழிய வேண்டியது ஒண்ணு, நகல். அழிஞ்சதும் ஒண்ணு, மூலம். அப்ப நகல் எங்க போகும்? எங்கயும் போகல. தெனமும் ஒரு மணிக்குச் சாகிற கருவி இன்னைக்கு ரெண்டரைக்குப் பொன்னுரங்கம் ஐயா கையில ஓடிட்டு இருந்திச்சு. நகல் உயிரோட இருந்தாத்தான அது ஓடும்? அது உயிரோட இருக்குன்னு ஒண்ணு பத்தொம்பதுக்கே தெரிஞ்ச ஒரே ஆளு நீரு. ஆறு நிமிசம் கழிச்சு இந்த மேலாளர்கிட்ட ரெண்டும் போச்சுன்னு சொன்னதும் நீருதான்."

செல்லக்கனி பென்சிலால் என்டர் பொத்தானைச் சுட்டினார்.

"உம்ம பேர்ல அத அழிச்சா லாக்ல மாட்டிக்கிடுவீரு. அதனால இந்தப் புள்ளை கையால அழிக்கப் பாத்தீரு. நகலைத் திரும்ப மாட்டினா பட்டியல்ல சர்வருக்குன்னு உள்ள காலி எடம் நெறைஞ்சிரும். நாலாவது வார்த்தை மறுபடியும் நகலோட எண்ணாயிரும். அவ என்டர அழுத்தியிருந்தா மிச்சமிருந்ததும் போயிருக்கும். இந்த ஓட்டை உமக்குப் போன மாசமே தெரியும். அதனாலதான் அவள மாத்த விடல."

"எனக்கு... எதுக்கு மேடம்? செம்புக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்?"

"அதத்தான் நகல்கிட்ட கேக்கப் போறேன். சார், அந்தப் பெட்டி நம்பரப் போடுங்க."

இசக்கிப்பாண்டி தட்டினார். மூன்று வரிகள் வந்தன. உள்ளே வந்த நாள், 26,480 கிலோ. வெளியேறிய திங்கட்கிழமை, 21,930. இரண்டுக்கும் நடுவே, ஒருவரும் அறியாத வரி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.15, 21,930.

"ஞாயிற்றுக்கிழமை ஏது வேலை?" என்று முனகியபடியே அவர் அதன் படத்தைத் திறந்தார்.

மேடைமீது அதே பெட்டி. எடையறைச் சாளரத்தில் கையூன்றி, எடைத் திரையை எட்டிப் பார்த்தபடி நின்றார் வல்லரசு. முகம் கேமராவை நோக்கித் திரும்பியிருந்தது.

"திருடின பெறகு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எடை போட்டுப் பாத்திருக்கீரு," என்றார் செல்லக்கனி. "மேடையில ஏத்தினா தானா பதிஞ்சிரும்னு ஏத்தின பெறகுதான் ஞாபகம் வந்துதோ? திங்கக்கிழமை பிரின்டர் மக்கர் பண்ணுச்சுன்னு சீட்டு டைப் பண்ணது யாரு சார்?"

"இவன்தான்," என்றார் இசக்கிப்பாண்டி.

வல்லரசு சங்கமித்ராவின் பக்கம் திரும்பினார். "சங்கா... நா உன்ன உள்ள தள்ளணும்னு நெனைக்கல. தெரியாமப் பண்ணதுன்னு சொல்லி வுட்ருவாங்கன்னுதான்..."

சங்கமித்ரா அவரைப் பார்த்தாள். காலை முதல் அவள் குடித்த தேநீரும், கேட்ட ஆறுதலும் அவர் கொடுத்தவை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

பிற்பகல் 3.40.

வல்லரசைக் காவலர்கள் அழைத்துச் சென்றார்கள். மேலாளரின் அறையில் எழுத்தர் பழைய புகாரைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாகத் தட்டச்சுச் செய்தார். இசக்கிப்பாண்டி தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா, நீ ஒன் சீட்டுக்குப் போ. நடந்தத மனசுல வச்சுக்கிடாத. ஏதோ டென்ஷன்ல வார்த்த வந்துட்டு."

சங்கமித்ரா நகரவில்லை.

"சார், மொதல்ல என் தப்ப சொல்லிர்றேன். பேரைச் சொல்லிக் கேக்க வேண்டியத எண்ணி எடுத்தேன். அந்த ஓட்டை நா வெச்சது. புகார்ல அதையும் எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தார். எழுத்தரும் நிமிர்ந்தார்.

"இப்ப உங்க தப்பு. ஒண்ணேகாலுக்கு மேல இந்த ரூம்ல பதினோரு பேரு நின்னாங்க. அவங்க முன்னாடி என் ஏரியாவச் சொன்னீங்க. வாபஸ் வாங்கறதா இருந்தா அவங்க முன்னாடி வாங்குங்க. என் காதுல மட்டும் சொன்னா அது என்னோட பூடும். அவங்க காதுல நீங்க சொன்னது அப்டியேதான் கீது."

இசக்கிப்பாண்டி ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் பென்சில் முனையைக் கூர்மையாக்குவதில் மும்முரமாக இருந்தார். வேறு வழியில்லை என்று புரிந்ததும் மணியடித்து ஆட்களைக் கூப்பிட்டார்.

வந்தார்கள். வல்லரசு நின்ற இடத்தில் இப்போது பொன்னுரங்கம் நின்றார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். மேலாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வியாசர்பாடியைப் பற்றியும் புளியந்தோப்பைப் பற்றியும் தாம் சொன்னது தவறென்றும், சங்கமித்ராவின் மீது குற்றம் இல்லையென்றும், வருந்துவதாகவும் சொன்னார். மேசைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். வாய் திறந்த அளவுக்கு ஒலி வெளியே வரவில்லை.

சங்கமித்ரா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."